காலணா வரியும் காவிரிப்படுகை இருப்புப்பாதையும்

தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அச்சுப்பொறியின் வரவைத் தவறாமல் குறிப்பர். இருப்புப்பாதையின் வரவை அவ்வளவாகக் குறிப்பதில்லை. ஏட்டுச்சுவடி அச்சுநூலாக மாறிய காலத்தில் இரண்டிற்குமே பங்கு உண்டு. 1871-ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்க மாயூரம் வந்தபொழுது அவ்வூருக்கு இரயில் வந்திருக்கவில்லை. 1877-இல் அது வந்தது. 1880-இல் அவர் குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த காலத்தில் சென்னையும் தஞ்சையும் இருப்புப்பாதையால் இணைந்திருந்தன. 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பின் ஆசிரியர் குடந்தையில் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். நூலோ சென்னையில் அச்சாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓர் இரவுப் பயணத் தொலைவே இருந்தமையால்தான் இத்தகைய ஏற்பாடு இயன்றது எனலாம். மாட்டு வண்டியை மட்டுமே நம்பியிருந்த தலைமுறைக்கு இது எண்ணிப்பார்க்கவும் அரியது.

அந்தப் பாதையை இட்டவர் யார்? இடுவதற்கான பொருளைத் தந்தவர் யார்? எந்தச் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது? பாதையின் வரலாறு பொறியியலாரின் வரலாறாகவே சொல்லப்படுவதால் இவ்வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. பாலத்தைக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். அதற்கு வரி கட்டியவர் பெயர் எங்கும் இராது. காவிரிப்படுகையின் இருப்புப்பாதைகள் இவ்வகையில் ஆராயத்தக்கன. ஏனெனில், அயல்நாட்டு முதலீட்டாளருக்கு அரசு ஈடுநின்ற முறை, உள்ளூர் மக்களே தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்ட முறை, நடுவணரசின் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் முறை ஆகிய மூன்றையும் ஒரே மண்ணில் காணலாம்.

ஈடு நின்ற அரசு

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திற்கும் ஆர்க்காட்டுக்கு அண்மையிலுள்ள வாலாசா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இதனை அமைத்தது சென்னை இரயில்வே கம்பெனி. படுகைப் பகுதிக்கு வந்தது இலண்டனில் தொடங்கப்பெற்ற வேறொரு கம்பெனியாகும். 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' எனும் பெயருடைய அக்கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மேற்கு நோக்கிப் பாதை இட்டது. 1861-இல் தஞ்சையையும், 1862-இல் திருச்சிராப்பள்ளியையும் அது அடைந்தது. பின்னர் கரூர் வழியாக நீண்டு, 1868-இல் ஈரோட்டில் சென்னை இரயில்வேயின் மேற்குத் தடத்தோடு சேர்ந்தது. கடற்கரையில் தொடங்கி உள்நாடு நோக்கிச் சென்ற இதன் திசையே இதன் நோக்கத்தை உணர்த்தும். உள்நாட்டு விளைபொருள் கப்பலுக்குப் போகவேண்டும். கப்பலில் வந்த சரக்கு உள்நாட்டிற்குச் செல்லவேண்டும். மாயூரம், குடந்தை, திருவிடைமருதூர் முதலிய பெரிய ஊர்கள் இத்தடத்தில் இல்லை.

இக்கம்பெனிகள் தம் பொறுப்பில் துணிந்து முதலிட்டன என்று எண்ணுதல் கூடாது. போடப்பட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்னும் அளவில் வட்டி கிடைக்க அரசு உறுதியளித்தது. பாதைக்கு வேண்டிய நிலம் 99 ஆண்டுகளுக்கு விலையின்றித் தரப்பட்டது. வருவாய் 5 விழுக்காட்டிற்குக் குறைந்தால் குறைந்த தொகையை இந்திய வருவாயிலிருந்து அரசு கொடுக்கும். மிகுந்தால் மிகுதியில் ஒரு பங்கே அரசுக்கு வரும். அக்கால இந்திய வருவாயில் பெரும்பகுதி நிலவரி. ஆகவே, வண்டி காலியாக ஓடினாலும் இலண்டனில் பங்கு வைத்திருந்தவருக்குச் சேரவேண்டிய வட்டியை உழவன் கட்டிய கிஸ்தி ஈடுசெய்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவை ஆட்சியாளரே ஒளிக்காமல் கூறியுள்ளனர். இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி 1872-இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின்முன் சான்றளிக்கையில், ஐந்து விழுக்காடு உறுதியான பின்னர்த் தன் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பதுபற்றி முதலிட்டவருக்குக் கவலையில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். சிக்கனமாகக் கட்டவேண்டிய தேவையைச் சட்டமே நீக்கிவிட்டபின், சிக்கனத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

நிலத்தைப் பெறுவதற்கும் சட்டம் வகைசெய்தது. பொதுப்பணிக்கு நிலமெடுக்கும் 1857-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டமும், அதனையடுத்து வந்த 1870-ஆம் ஆண்டின் பத்தாம் சட்டமும் இருப்புப்பாதையைக் கருதியே பெரிதும் பயன்பட்டன. பின்னர் வந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 120 ஆண்டுகள் வழக்கில் இருந்து, 2014 சனவரியில்தான் புதிய சட்டத்திற்கு இடம் விட்டது. ஒரு வழியின் ஆயுள் அதன் தண்டவாளத்தைவிட அதன் சட்டத்தில் நீளமாக இருப்பதுண்டு.

அகலமும் குறுகலும்

இருப்புப்பாதைக்கு எதிர்க்குரலும் இருந்தது. 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டுவித்த ஆர்தர் காட்டன், படுகை மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கும் பொறியாளர். இந்தியாவிற்கு முதலில் வேண்டுவது இரும்பு வழியன்று, நீர்வழி என்பது அவர்தம் கொள்கை. பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒருங்கே தரும் கால்வாய்களில் முதலிடவேண்டும் என 1878-இல் நாடாளுமன்றத் தெரிவுக் குழுவின்முன்னும் அவர் வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் ஏற்கவேண்டியதில்லை. கோடையில் வறளும் ஆற்றில் படகு செல்வதெவ்வாறு என்ற வினாவுக்கு அவர்தம் விடை போதியதன்று. ஆயினும், ஓராண்டின் அரசுப் பணம் எதற்குப் போகிறதோ அதுவே அடுத்த நூறாண்டின் நிலப்படத்தை வரைகிறது என்பதை அவர் கண்டிருந்தார். வட்டிக்கு அரசு ஈடுநின்ற இருப்புப்பாதை வளர்ந்தது; அத்தகைய பெரும் ஆதரவு பெறாத நீர்வழி தேங்கிற்று.

ஈட்டுமுறையால் கருவூலம் நலிவுற்றபின், 1870-ஆம் ஆண்டையொட்டி மேயோ பிரபுவின் அரசு புதிய முடிவொன்றை எடுத்தது. இனி இடும் பாதைகளுள் பல ஐந்தரை அடி அகலத்தில் அமையாமல் ஒரு மீட்டர் அகலத்தில் சிக்கனமாக அமையவேண்டும் என்பதே அது. கருவூலத்தைக் காக்க எழுந்த இம்முடிவு தமிழகத்தின் தெற்குப் பகுதி முழுவதையும் மீட்டர்ப் பாதைக்கு உரியதாக்கிற்று. 1874-இல் 'கிரேட் சதர்ன்' கம்பெனியும் கர்நாடக இரயில்வேயும் இணைந்து தென்னிந்திய இரயில்வே உருவாயிற்று. மறு ஆண்டே, அகலப்பாதையாக இருந்த நாகப்பட்டினம்–திருச்சித் தடம் மீட்டர்ப் பாதையாகக் குறுக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே ஓடிய அகலப்பாதை அது. அதே தடம் மறுபடியும் அகலமாக்கப்பட்டது 1992-இல் நடுவணரசு தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்திற்குப் பின்னர்தான். நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரு மண்ணின்மேல் அகலம், குறுக்கம், அகலம் என மூன்று முறை தண்டவாளம் மாறியது. இம்மாற்றங்களை நிருவாக வசதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டு அகலங்கள் கூடும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டியில் ஏறவேண்டும். அந்தக் கூலியும் காலத்தாழ்வும் சரக்கின் விலையில் ஏறின.

காலணா வரி

இனி, இவ்வரலாற்றின் நடுப்பகுதிக்கு வரலாம். 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி மாவட்டந்தோறும் மக்கள் நாவில் ஜில்லா போர்டு என வழங்கிய மாவட்ட வாரியமும், அதன்கீழ் வட்ட வாரியங்களும் அமைந்தன. சாலை, மருத்துவமனை, பள்ளி முதலியவற்றிற்காக நிலத்தின் ஆண்டு வாரமதிப்பில் ரூபாய்க்கு ஓரணா வீதம் நிலத்தீர்வை விதிக்க வாரியத்திற்கு உரிமை கிடைத்தது. தஞ்சை மாவட்ட வாரியம் இதற்கு மேலும் ஒன்று செய்தது. இருப்புப்பாதை அமைப்பதற்கென்றே ரூபாய்க்கு மூன்று பை வீதம் தனித் தீர்வை விதித்தது.

மூன்று பை என்பது காலணா. ஒரு ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இன்றைய கண்ணுக்கு இது சிறு தொகை. ஆனால் தஞ்சை நன்செய் மிகுந்த மாவட்டம். நிலவரி மதிப்பில் மாகாணத்தின் முன்வரிசையில் நின்றது. குறைந்த வீதமும் பெரிய அடிப்படையும் சேர்ந்தபோது ஆண்டுதோறும் கணிசமான தொகை திரண்டது. இலண்டன் பங்குதாரருக்கு வட்டி உறுதி கூறி முதல் திரட்டுவதற்கு மாறாக, வட்டியே இல்லாத முதலை மாவட்டம் தானே திரட்டிக்கொண்டது. 1894-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் மாயூரம்–முத்துப்பேட்டைப் பாதை 54 மைல் நீளத்திற்குத் திறக்கப்பட்டது. பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் வழியாகத் திருவாரூர் சென்று, அங்கே பழைய நாகப்பட்டினத் தடத்தைக் கடந்து, திருத்துறைப்பூண்டி வழியே தெற்கு நோக்கிச் சென்றது அது. 1902-இலும் 1903-இலும் பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக அறந்தாங்கி வரை நீண்டு 99 மைல் ஆயிற்று. வண்டிகளை ஓட்டும் பொறுப்பைத் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி ஏற்றது. பாதையோ வாரியத்தின் உடைமை.

கம்பெனிப் பாதையையும் போர்டுப் பாதையையும் நிலப்படத்தில் ஒப்பிட்டுக் காண்பது பயன்தரும். நாகப்பட்டினம்–திருச்சிப் பாதை கிழக்கு மேற்காக ஆறுகளுக்கு இணையாகச் செல்கிறது. படுகையின் பழைய பெருவழிகளும் பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டியவையே. மாயூரம்–முத்துப்பேட்டைப் பாதையோ வடக்குத் தெற்காக ஆறுகளைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அரசலாறு, திருமலைராசனாறு, வெட்டாறு, ஓடம்போக்கியாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு எனப் பிரிந்தோடும் கிளைகள் ஒவ்வொன்றிற்கும் பாலம் வேண்டும். எண்ணற்ற வாய்க்கால்களுக்கு மதகு வேண்டும். கார்த்திகை மழையில் ஒரு கரையினர் மறுகரைக்குச் செல்ல ஓடத்தையும் மூங்கிற் பாலத்தையும் நம்பியிருந்த நாடு அது. துறைமுகத்தை மட்டும் கருதிய முதலீட்டாளர் இத்தடத்தைத் தேர்ந்திருக்க மாட்டார். ஊருக்கும் ஊருக்கும் இடையே, கோயிலுக்கும் சந்தைக்கும் நீதிமன்றத்திற்கும் இடையே போய்வர வேண்டியவர்களே இதனைத் தேர்ந்திருப்பர். தம் பணத்தில் இட்ட வழி தம் தேவையின் திசையில் சென்றது.

இதனைக் கொண்டு மக்களாட்சியின் பொற்காலம் என்று பாராட்டிவிடவும் இயலாது. அச்சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரே வாரியத்தின் தலைவர். உறுப்பினருள் நியமனம் பெற்றோர் மிகுதி. ஏனையோரும் மிராசுதார், வழக்கறிஞர் முதலிய மேற்குடியினர். குத்தகைக்காரரும் பண்ணையாளும் அவ்வவையில் இடம்பெறவில்லை. நிலத்தின்மேல் விழுந்த தீர்வையின் சுமை கடைசியில் யார் தோளில் தங்கியிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. இருப்பினும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறியவர்கள் அவர்களே. மிராசுதாரின் நெல் மூட்டையும், நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பலேறப் போன உழவுத் தொழிலாளியும் ஒரே நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தனர்.

அக்கப்பற் பயணத்திற்கும் ஒரு சட்டம் இருந்தது. மலாயாவில் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்யும் தொழிலாளர் அளவிற்கேற்பத் தொகை செலுத்த, அந்நிதியிலிருந்து புதியவர்களின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. படுகையின் இரயிலும் நாகப்பட்டினத்து நீராவிக் கப்பலும் மலாயாத் தோட்டத்துச் சாலையும் இவ்வாறு ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றதும், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரின் வழி அங்குத் திரும்பியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் தடம் அழிந்தபின் அது திரும்ப அமைக்கப்படவில்லை.

பஞ்சக் காப்பு

தஞ்சையின் காலணா வரியை உரிய இடத்தில் வைத்துக் காண்பதற்கு வறண்ட மாவட்டமொன்றையும் அருகே வைத்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. காவிரிப் பாசனத்தால் தஞ்சை பெரிதும் தப்பியது. சேலம் போன்ற மாவட்டங்கள் தப்பவில்லை. 1878-இல் அரசு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதியாக ஒதுக்கத் தீர்மானித்தது. 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையம், நாட்டிற்கு 20,000 மைல் இருப்புப்பாதை வேண்டும் என்றும், அவற்றுள் 5,000 மைல் உடனடித் தேவை என்றும் கூறியது. பொதுப்பணிகள் அதன்பின் வருவாய் தருவன, பஞ்சங்காப்பன என இரு வகையாகப் பிரித்தெண்ணப்பட்டன. கணக்கேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் ஒரு பாதை எழுதப்பட்டதோ அதனைப் பொறுத்து அதன் வாழ்வு அமைந்தது.

பஞ்சங்காக்கும் தலைப்பின்கீழ்ச் சேலம் மாவட்டத்தில் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1905-இலும், மொரப்பூர்–தருமபுரிப் பாதை 1906-இலும் திறக்கப்பட்டன. இரண்டும் இரண்டரை அடி அகலமேயுடைய குறும்பாதைகள். தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இவை மூடப்பட்டன. வருவாய் தராத பாதை என்பதால் போர்க்காலத்தில் முதலில் கைவிடப்பட்டவை இவையே. மொரப்பூரையும் தருமபுரியையும் திரும்ப இணைக்கும் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019-இல். அதே தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் பழைய காதக்கல் ஒன்று கிடைத்துள்ளது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு, எழுத்தறியாத வழிப்போக்கரும் தடவியறியுமாறு குழிகளாலும் அவ்வெண்ணை அது காட்டுகிறது. இடைக்காலத்து வழிகாட்டி நின்ற இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் இருப்புப்பாதை நாற்பது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

ஒரே கருவூலம்

1920-21-இல் கூடிய அக்வொர்த்துக் குழுவின் பரிந்துரைப்படி 1924-இல் இரயில்வே நிதி பொதுநிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் தனி வரவுசெலவுத் திட்டம் படிக்கும் மரபு அதனால் எழுந்தது. அது 2017 முதல் பொது வரவுசெலவுத் திட்டத்தோடு மீண்டும் இணைக்கப்பட்டது. இதற்கிடையே 1944-இல் தென்னிந்திய இரயில்வேயை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு இரயில்வே உருவாயிற்று. தஞ்சை வாரியம் இட்ட பாதையும் நடுவணரசின் உடைமையில் அடங்கிற்று. 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை இருப்புப்பாதையை ஒன்றியப் பட்டியலிலும், தேசிய நெடுஞ்சாலை ஒழிந்த ஏனைச் சாலைகளை மாநிலப் பட்டியலிலும் வைத்தது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தையொட்டி ஜில்லா போர்டுகள் மறைந்தன. வரி விதித்த அவையும் இல்லை. வரியால் விளைந்த உடைமையும் உள்ளூருக்கு இல்லை.

தேசவுடைமை ஆக்கியது தவறென்பது இதன் பொருளன்று. பல கம்பெனிகளாகச் சிதறிக்கிடந்த பாதைகளை ஒன்றாக்கியது பெரும் நன்மையே. கம்பெனிகள் வெளியேற்றப்படவேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால், கம்பெனியின் பாதையையும் காலணாவால் விளைந்த பாதையையும் ஒரே கணக்கில் சேர்த்தபொழுது, பின்னதன் பின்னிருந்த உரிமை மறக்கப்பட்டது. 1969-இல் அமைந்த வருவாயற்ற கிளைப்பாதைகள் குழு போன்றவை மீண்டும் பழைய அளவுகோலையே கையிலெடுத்தன. நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 1976-இல் மூடப்பட்டது. 1926-இல் திறக்கப்பட்ட மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதை 1986-இல் மூடப்பட்டது. வண்டி இழப்பில் ஓடியது என்பது உண்மையே. அருகிலேயே ஓடிய பேருந்து குறைந்த கட்டணத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது என்பதும் உண்மையே.

அப்பேருந்தும் சட்டத்தின் குழந்தைதான். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடந்தோறும் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. படுகையின் தனியார் பேருந்து முதலாளிகளுக்கு அந்த உரிமமே செல்வம். குடந்தை நிறுவனமொன்றின் உரிம வழக்கு 1950-களில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தால் பெரிய நிறுவனங்களின் பேருந்துகளை அரசு கையகப்படுத்த, 1972-இல் குடந்தையைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. இரயில் நடுவணரசின் கையில். பேருந்து மாநில அரசின் கையில். ஒன்றின் கட்டணம் மற்றொன்றைக் கேட்டு அமைவதில்லை. ஓர் ஊரின் போக்குவரத்து ஒன்றே. அதனை ஆள்வோர் இருவராயினர்.

சாலைகளுக்கும் இத்தகைய கதை உண்டு. ஜெயகர் குழு 1927-இல் கூறியவாறு 1929-இல் பெட்ரோல் தீர்வையைக் கொண்டு மத்திய சாலை நிதி தொடங்கிற்று. 1956-இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 1995-இல் செய்த திருத்தத்தால் தனியார் சாலை அமைத்துக் கட்டணம் வாங்க வழி பிறந்தது. முதற் குலோத்துங்கனைச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனச் சொல்லிப் பெருமைகொள்ளும் சோழநாட்டில் சுங்கச்சாவடி என்னும் சொல் மீண்டும் நாள்வழக்கிற்கு வந்தது. விக்கிரவாண்டியிலிருந்து குடந்தை வழியாகத் தஞ்சை செல்லும் நான்குவழிச் சாலைப் பணி நெடுங்காலம் இழுபட்டது. அதன் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதி 2025 ஜூலையில்தான் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது.

போர்டுப் பாதையின் பிற்கால நிலையையும் கூறவேண்டும். மயிலாடுதுறை–திருவாரூர்ப் பகுதி 2012-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு திருவாரூர்–காரைக்குடித் தடத்தில் மீட்டர்ப் பாதை வண்டி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் முழுமையும் அகலமாக்கப்பட்டு 2019-இல் வண்டி விடப்படும்வரை பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி மக்களுக்கு இரயில் முழுமையாகக் கிட்டவில்லை. அவ்வூர்களின் முன்னோர், 99 மைல் பாதையைத் தீர்வை விதித்துத் திறந்தவர்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். புதிய பாதை திறந்தபின்னும் கடவுப்பாதைகளுக்குக் காவலர் போதிய அளவில் நியமிக்கப்படவில்லை. வண்டியிலேயே சென்ற காவலர் ஒவ்வொரு கடவிலும் இறங்கிக் கதவை மூடி, வண்டி கடந்தபின் திறந்துவிட்டு, மீண்டும் ஏறிக்கொண்டனர். அந்த 150 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. தண்டவாளத்திற்கு ஒதுக்கீடு ஒரு தலைப்பு. ஆள்நியமனத்திற்கு ஒப்புதல் வேறொரு தலைப்பு.

மன்னார்குடிப் பாதை 2011-இல் திரும்ப உயிர்பெற்றது. வேதாரணியத்து உப்பு ஏற்றிவந்த திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளிப் பாதை ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளிக்குப் பின் 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. 37 கிலோமீட்டருக்கு 294 கோடி ரூபாய் செலவாயிற்று. தரங்கம்பாடிப் பாதைக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மயிலாடுதுறையில் இரயிலைவிட்டு இறங்கித் தரங்கம்பாடிக் கடலைக் காணச் செல்வோர் 1986 முதல் பேருந்தில்தான் செல்கின்றனர்.